இருவீட்டார் அழைப்பு

எங்கள் குழந்தைகள் காப்பகத்துக்குப் பணம் ஒரு நாடு கொடுத்தது, பெயர் ஒரு நிறுவனம் கொடுத்தது. நாடு ரொம்ப தூரத்தில் இருந்தது. வருடத்தில் பாதி நாள் பனி கொட்டுமாம். நிறுவனம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதது, ஆனால் எல்லா நாட்டிலும் ஏ.சி. போட்ட அலுவலகம் வைத்திருப்பது. சர்வதேச வளர்ச்சி நிறுவனம் என்பார்கள். இந்த இரண்டும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குக் கூட்டாண்மை என்று பெயர். அந்த வார்த்தையைத் தெருவில் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

நான் அந்தத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தேன். திருத்தணியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. கணவர் விடிந்ததும் மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய்விடுவார். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு நெசவாளர் தெருவுக்குப் போவேன். தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே விசைத்தறிச் சத்தம் வந்துவிடும். அந்தச் சத்தத்தில் யாரும் மெதுவாகப் பேச முடியாது. அதனால் அந்தத் தெருவில் ரகசியம் என்று எதுவுமே கிடையாது, நலம் விசாரித்தால்கூடச் சண்டை போடுவதுபோல்தான் இருக்கும்.

காப்பகம் தறிக்குப் போகிற பெண்களின் குழந்தைகளுக்கானது. ஒரு பெரிய கூடம், சமையலறை, தொட்டில்கள், பால், மதியச் சோறு, பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. அவ்வளவுதான். கேட்பவர்களுக்குச் சின்ன விஷயம். அங்கே ஒரு பெண் இருந்தாள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காப்பகம் வருவதற்கு முன்னால் அவள் தன் மகனின் இடுப்பில் பழைய புடவையைக் கட்டி, அதைத் தறிக்கொட்டகைத் தூணில் முடிந்துவிட்டுத்தான் தறி ஓட்டுவாள். ஒருநாள் முடிச்சு அவிழ்ந்து, அவன் மோட்டார் பெல்ட் பக்கம் தவழ்ந்து போய்க் கையை நீட்டியிருக்கிறான். பக்கத்துத் தறிக்காரி ஓடிவந்து தூக்கினாள். விரல் தப்பியது. அன்றோடு அவள் தறிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் அடுப்பும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. காப்பகம் வந்த பிறகுதான் மறுபடி வேலைக்குப் போனாள். காலையில் பையனை விட வரும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பாள்.

"இது இருக்குமா மேடம்?"

"இருக்கும்மா" என்பேன். ஆனால் எனக்கே தெரியாது. ஒப்பந்தம் அந்த வருடம் மார்ச்சோடு முடிகிறது, நீட்டிப்பதா வேண்டாமா என்று இரண்டு தரப்பும் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள் என்று நிறுவனத்தின் சென்னை அலுவலகம் சொல்லியிருந்தது. நீட்டிக்காவிட்டால் காப்பகத்தை மூட வேண்டும். என் வேலையும் போகும். என் வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்வேன். அந்தப் பையனுக்கு மறுபடி தூண்தான்.

இந்த விஷயத்தை நான் முதலில் தலைவியிடம்தான் சொன்னேன். மகளிர் குழுவுக்குத் தலைவி அவர். நாளடைவில் தெருவுக்கே தலைவியாகி, இப்போது அவர் வீட்டுக்காரரே "தலைவி, டீ குடிக்கிறியா?" என்றுதான் கேட்பார். சொந்தமாக நான்கைந்து தறி உண்டு. அதைவிடப் பெரிய சொத்து அவர் குரல். தெருவில் எந்தக் கல்யாணம் நிச்சயமானாலும், எந்தக் கல்யாணம் முறிந்தாலும் அவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். இரண்டையும் ஒரே உற்சாகத்தோடு செய்வார்.

அவருக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம்.

"ஏம்மா, துட்டு குடுக்கிறது அந்த ஊர்க்காரங்க. அப்புறம் நடுவுல இவுங்க இன்னாத்துக்கு?"

"அவங்களால நேரா வந்து நடத்த முடியாதுக்கா. இவங்களுக்கு அனுபவம் இருக்கு. அதனால ரெண்டு பேரும் சேர்ந்துகிட்டாங்க."

"சேந்துகினு?"

"ஒருத்தர் குடுப்பாங்க, ஒருத்தர் நடத்துவாங்க. ரெண்டு பேருக்கும் சம மரியாதை."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "ஆங். அவுங்க குடுக்கிறாங்க. இவுங்க வாங்கிக்கிறாங்க. வாங்கிகினு தன் பேரப் போட்டுக்கிறாங்க. குடுத்தவங்க, இன்னா செஞ்சீங்கன்னு கேட்டா இவுங்களுக்குக் கோவம் வருது. சரிதான?"

"கிட்டத்தட்ட சரிதான்."

"பொண்ணு வூடு, மாப்ள வூடுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயேன். அத்த வுட்டுட்டு வாயில நொழையாத பேரெல்லாம் சொல்லிகினு."

நான் மறுத்துப் பேசவில்லை. பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து, வண்ண வண்ணப் படங்களைப் பார்த்து, கடைசியில் கொடுத்த பிஸ்கட்டையும் தின்றுவிட்டு வந்தவள் நான். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. மறுநாளிலிருந்து தெரு முழுக்க அந்த நாட்டுக்குப் பொண்ணு வீடு என்றும் நிறுவனத்துக்கு மாப்பிள்ளை வீடு என்றும் பெயர் நிலைத்துவிட்டது. ஆயாகூட, "பொண்ணு வூட்லேர்ந்து வந்த பால்பவுடர் தீந்துபோச்சு மேடம்" என்றுதான் சொல்வாள்.

வருகைக்கு நாள் குறித்தார்கள். அதோடு சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு விதிமுறைப் புத்தகமும் வந்தது. பதாகை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மட்டுமே தனி அத்தியாயம். இரண்டு சின்னங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒன்றைவிட ஒன்று ஒரு நூல்கூட உயரக் கூடாது, சுற்றிலும் வெள்ளை இடம் விட வேண்டும், வேறு படங்கள் கூடவே கூடாது. அதன்படியே ஒரு மாதிரியைத் தயார் செய்து தலைவியிடம் காட்டினேன்.

அவர் முகம் சுருங்கியது. "இன்னாம்மா இது, கருமாதி போர்டு மாதிரி கீது?"

"விதிப்படி இப்படித்தான்க்கா."

"நல்ல காரியத்துக்கு வரவங்க கண்ணுல மொதல்ல இதுதான் படணுமா? வுடு, நம்ம பாவா பாத்துக்குவாரு."

பாவா என்றால் அவருடைய அக்கா வீட்டுக்காரர். திருத்தணி சந்தைப் பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். நல்லதுக்கும் கெட்டதுக்கும் சுற்று வட்டாரத்தில் அவர் கடைதான். நான் அந்த வாரம் முழுக்கக் காப்பகத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலும், குழந்தைகளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்வதிலும் மாட்டிக்கொண்டிருந்தேன். பாவாவை நம்பியிருக்கக் கூடாது.

வருகிறவர்களை அழைத்து வர நான் கனகம்மாசத்திரத்துக்குப் போய்ப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே காத்திருந்தேன். இரண்டு கார்கள் வந்தன. ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்கு வருகிறவர்கள் ஏன் இரண்டு காரில் வர வேண்டும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முதல் காரிலிருந்து பணம் கொடுத்த நாட்டின் சார்பாக ஓர் அம்மா இறங்கினார். நல்ல உயரம், வெயிலில் சிவந்த முகம், பருத்திச் சுடிதார். இரண்டாவது காரிலிருந்து நிறுவனத்தின் டெல்லி அதிகாரி இறங்கினார். கோட்டு போட்டிருந்தார். அந்த வெயிலில் கோட்டு போட்ட மனிதரைப் பார்த்து டீக்கடைக்காரர் கேட்காமலேயே மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

இருவரும் கடையின் இரண்டு மூலைகளில் நின்று டீ குடித்தார்கள். முதலில் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, குழந்தைகளைப் பற்றி எதைக் கேட்டாலும் இவர்கள் தலையணை மொத்தத்துக்கு ஒரு அறிக்கை அனுப்புகிறார்கள், அதில் குழந்தையைத் தவிர எல்லாம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அதிகாரி கூப்பிட்டார். மழை பெய்த நாளில் எத்தனை குழந்தைகள் பால் குடித்தார்கள், பெய்யாத நாளில் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டு உயிரை எடுக்கிறார்கள், அதற்கு அறிக்கை எழுதத் தனியாக ஆள் போட வேண்டியிருக்கிறது என்றார். இருவருக்கும் நான் தலையாட்டினேன். இவர்கள் காப்பகத்தைப் பார்க்க வரவில்லை, பிரிவதற்குச் சாட்சி தேடி வந்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

தெரு முனையில் பாவாவின் கைவண்ணம் நின்றது. என் உயரத்தைப் போல மூன்று மடங்கு. மேலே வள்ளி தெய்வானையோடு முருகன். இடது பக்கம் அந்த நாட்டுக் கொடி, வலது பக்கம் நிறுவனத்தின் சின்னம், நடுவில் குத்துவிளக்கு. கீழே கொட்டை எழுத்தில் 'இருவீட்டார் அழைப்பு'. அதற்கும் கீழே தெருவே கைகூப்பி நின்றது. தலைவி மட்டும் மற்றவர்களைவிடப் பெரிதாக, கூலிங் கிளாஸோடு. அவர் வீட்டுக்காரர் கைபேசியில் பேசிக்கொண்டிருப்பதுபோல் ஓரத்தில். வெள்ளை இடம் என்று ஒரு விரல் வைக்கக்கூட இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கொடியும் சின்னமும் அச்சாக ஒரே அளவில் இருந்தன. பாவா அந்த விஷயத்தில் மனிதர் சுத்தம். இரண்டு வீட்டுப் பெயரில் ஒன்று சிறுத்துப் போனால் மண்டபத்தில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா.

அதிகாரி காரை நிறுத்தி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கூட்டாண்மைக்கு நல்வரவு என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் முன்னால் போய்விட்டேன்.

காப்பக வாசலில் முதல் கார்தான் முதலில் வந்து நின்றது. அந்த அம்மா இறங்கியதும் தலைவி கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தி, அவர் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த ஒரு பெண், சந்தனக் கிண்ணத்தை எந்தக் கையில் பிடிப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, அவங்க விருந்தாளி."

"பொண்ணு வூட்டுக்காரங்கதான வாசல்ல நின்னு வரவேக்கணும்? நீ சும்மா இரு."

"ரெண்டு பேருக்கும் சம மரியாதைன்னு சொன்னேனே."

"எந்தக் கல்யாணத்துல சொல்லாம வுட்டாங்க?"

அதற்குள் இரண்டாவது கார் வந்துவிட்டது. மேளக்காரர் வாசிக்க ஆரம்பித்தார். அதிகாரிக்கு ஆரத்தி சுற்றினார்கள், பொட்டு வைத்தார்கள், ரோஜா மாலை போட்டார்கள். தலைவி கண் காட்டியதும் அந்த அம்மா செம்பை ஆட்டினார். பழக்கமில்லாத கை. பன்னீர் பாதி அதிகாரியின் மூக்குக் கண்ணாடியில் போய் விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஊர் வழக்கம் சார் என்றேன். நான் சொன்னது பொய்யில்லை.

காப்பகத்துக்குள் நல்லபடியாகவே நடந்தது. குழந்தைகள் சொல்லிக்கொடுத்த பாட்டை மறந்துவிட்டு வேறு பாட்டுப் பாடினார்கள். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தொட்டிலாகப் பார்த்தார். அதிகாரி சுவரில் ஒட்டியிருந்த சின்னத்தைப் படம் எடுத்தார். பிறகு பந்தி போட்டார்கள்.

நான் பயந்தபடியே ஆனது. அதிகாரியையும் அவரோடு வந்தவர்களையும் முதல் பந்தியில் உட்கார வைத்து இலை போட்டார்கள். அந்த அம்மா உட்காரப் போனதும் தலைவி தோளைத் தொட்டுத் தடுத்து, அப்பளத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண் வீட்டார் உட்கார வேண்டும். அதுவரைக்கும் பார்த்துப் பார்த்துப் பரிமாற வேண்டும். தெருவில் பெண்ணைப் பெற்ற எல்லோரும் செய்ததுதான். யாருக்கும் அதில் தவறே தெரியவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. இந்தச் சோறும் வடையும் பாயசமும் அந்த நாட்டுக்காரர்கள் வரி கட்டிய காசு. கொடுத்தவரை நிற்க வைத்து அப்பளம் போட வைத்தால் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா?

நான் அவரிடம் ஓடிப்போய், தெருவில் இந்த ஏற்பாட்டை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை மூச்சு வாங்க ஆங்கிலத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அப்பளத் தட்டோடு அப்படியே நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடம் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன், நான் யார் என்பதை இன்றைக்குத்தான் யாரோ சரியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அப்புறம் அதிகாரியிடம் போய் ரொம்பப் பணிவாகக் குனிந்து, இன்னும் ஓர் அப்பளம் வேண்டுமா என்று கேட்டார். அதிகாரி சங்கடத்தோடு இரண்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது பந்தியில் அந்த அம்மா உட்கார்ந்தபோது தலைவி பக்கத்திலேயே உட்கார்ந்து, பாயசம் போதாது போதாது என்று ஊற்ற வைத்தார். சாப்பிட்டு முடித்து வெற்றிலைத் தட்டு வந்தது. நான் எல்லாம் முடிந்தது என்று பெருமூச்சு விட்டேன். தலைவிக்கு அப்போதுதான் ஆரம்பம். காப்பகக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, இந்தப் பக்கம் பொண்ணு வீட்டையும் அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டையும் உட்கார வைத்து, நடுவில் தான் உட்கார்ந்தார். சுற்றிலும் தறியை நிறுத்திவிட்டு வந்த பெண்கள். அந்தச் சின்னப் பெண் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"இந்தாம்மா, நான் சொல்றத அப்படியே சொல்லு" என்றார் என்னிடம். "சாப்பாட்டுல பாத்துகினு இருந்தேன். ரெண்டு வூட்டுக்காரங்களும் மூஞ்சி குடுத்துப் பேசிக்கல. இன்னா பிரச்சன? பொண்ணு வூட்ல மொதல்ல சொல்லட்டும்."

மொழிபெயர்க்காமல் மழுப்பிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். அவர் தயங்காமல் பதில் சொன்னார். எல்லாம் இவர்கள் பெயரில் நடக்கிறது, எங்கள் ஊரில் எங்கள் ஜனங்கள் காசு எங்கே போகிறது என்று கேட்கிறார்கள், சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்றார். நான் தமிழில் சொன்னதும் பெண்கள் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் பலர் இருந்தார்கள்.

"மாப்ள வூட்ல?"

அதிகாரி கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இவர்கள் ஒன்று கொடுத்துவிட்டு ஒன்பது கேட்கிறார்கள், போன வருடம் கேட்டதை இந்த வருடம் வேண்டாம் என்கிறார்கள், அலுவலகம் நடத்துவதென்றால் செலவு இருக்காதா என்றார். அவர் குரலிலும் உண்மையான வருத்தம் இருந்தது. அதையும் சொன்னேன். அதற்கும் முணுமுணுப்பு எழுந்தது. மாமியார்களும் இருந்தார்கள்.

தலைவி எழுந்துபோய் அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து பையனை வாங்கிக்கொண்டு வந்து, ஜமக்காளத்தின் நடுவில் உட்கார வைத்தார்.

"நான் எத்தினியோ பஞ்சாயத்து பாத்தவ. சேத்து வெச்சும் கீறேன், பிரிச்சு வுட்டும் கீறேன். ஒத்துவரலன்னா பிரிஞ்சிக்கங்க, அது உங்க இஷ்டம். ஆனா கொழந்த இருக்கிற வூட்ல நான் மொதல்ல ஒன்னுதான் கேப்பேன். கொழந்தைய யாரு பாத்துக்கிறீங்க? அத்த சொல்லிட்டு அப்புறம் எழுந்திருங்க."

அதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பையன் தவழ்ந்து போய் அதிகாரியின் கோட்டுப் பொத்தானை வாயில் வைத்துக்கொண்டான். பிறகு அந்த அம்மாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தான். பிறகு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஜமக்காளத்தை நிதானமாக நனைத்தான். அதிகாரி கோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பெண்கள் சிரித்தார்கள். ஆனால் தலைவி சிரிக்கவில்லை, அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"பரிசீலனையில் இருக்கிறது" என்றார் அதிகாரி.

"அப்படின்னா யாரும்மா?" என்று என்னைக் கேட்டார் தலைவி.

கார்கள் போன பிறகு பையனின் அம்மா வந்து, இருக்குமா மேடம் என்று கேட்டாள். அன்றைக்கு என்னால் இருக்கும் என்று சொல்ல முடியவில்லை.

மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது. கூட்டாண்மை இனிதே நிறைவு பெற்றது என்று சொல்லியனுப்பினார்கள். காப்பகம் என்ன ஆவது என்று நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அதை இனி அந்த நாட்டுத் தூதரகமே நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம் என்றார்கள். தூதரகத்துக்குப் போன் செய்தேன். அதை நிறுவனம் தன் சொந்த நிதியில் தொடரும் என்று எங்களுக்குத் தகவல் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போன் போட்டுக் கத்தினேன். அடுத்த வாரம் என் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். என் வேலையும் முடிந்திருந்தது. கத்துவதற்குக்கூட எனக்கு உரிமையில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அழாத குறையாகத் தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் நூல் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை.

"அவ கையில கீதுன்னு இவன் சொல்றான், இவன் கையில கீதுன்னு அவ சொல்றா. அதான?"

"அதேதான்க்கா."

"நடக்கிறதுதான். அப்பனும் ஆத்தாளும் வுட்டுட்டா கொழந்த எங்க வளரும்?"

அனாதை இல்லத்தில் என்றேன்.

"இன்னாம்மா படிச்ச நீ. மாமன் வூட்லதான்."

அன்று சாயங்காலமே அவர் தறி முதலாளிகளின் வீடுகளுக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். தெருவில் பத்துத் தறி, இருபது தறி வைத்திருக்கிற ஆண்கள் அவர்கள். காப்பகம் நடந்த நாளெல்லாம் உள்ளே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. குழந்தை பிரச்சினை பெண்கள் பிரச்சினை என்று இருந்தவர்கள். காப்பகம் மூடினால் தங்கள் தறிகளில் பாதி நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமலில்லை. ஆனால் தெரிந்தது போதவில்லை. நான் ஏற்கனவே போய் உற்பத்தித் திறன், சமூகப் பொறுப்பு என்றெல்லாம் பேசிப் பார்த்து, மோர் குடித்துவிட்டுத் திரும்பியவள். தலைவி அதையெல்லாம் பேசவேயில்லை.

"அந்தக் கொழந்தைங்களுக்கு நீங்கதான் மாமன்னு தெருவுல முடிவு பண்ணிகீறோம். மாமன் சீர் யாரு மொதல்ல கொண்டார்றது? உனுக்கு முடியலன்னா சொல்லிடு நைனா, எதிர் வூட்ல கேட்டுக்கிறேன்."

எதிர் வீட்டில் கேட்பார் என்பதுதான் அதில் விஷயம். அந்த ஊரில் பேரம் பேசாமல் ஒரு பைசா தராத மனிதர் மாமன் முறைக்கு என்றால் கடன் வாங்கியாவது செய்வார். அதில் இன்னொருவன் முந்திக்கொண்டால் அப்புறம் தெருவில் தலை காட்ட முடியாது. ஒரு வாரத்தில் அவர்களுக்குள்ளேயே பாகம் பிரித்துக்கொண்டார்கள். பால் ஒருவருடையது, அரிசி ஒருவருடையது, கரண்டு ஒருவருடையது, ஆயா சம்பளம் இரண்டு பேர் சேர்ந்து.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாமன் சீர் வந்தது. மேளம் முன்னால் போக, வேட்டி சட்டையில் முதலாளிகள் தட்டுகளோடு வரிசையாக நடந்து வந்தார்கள். யார் முன்னால் நடப்பது என்று பிள்ளையார் கோயில் பக்கத்தில் ஒரு சண்டை வந்து, ஊர்வலம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒன்றாக நடந்தார்கள். ஒருவர் கேஸ் சிலிண்டருக்கே சந்தனம் குங்குமம் வைத்துத் தோளில் சுமந்து வந்தார். கொட்டகையில் வேலைக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் கொடுக்கலாமே என்றேன். மாமன்தான் தூக்க வேண்டும் என்று முறைத்தார். தலைவி ஒவ்வொருவருக்கும் துண்டு போர்த்தினார். பையனின் அம்மா காப்பக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. பையனை ஆயாவிடம் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போது நான் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில், சான்றிதழ்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிறேன். வாரம் ஒரு தடவை காப்பகத்துக்குப் போய்வருவேன். மாமன்கள் மாதா மாதம் கொடுப்பதில் சுணக்கம் வரும். தலைவி அவர்கள் வீட்டு வாசலில் நின்று எதிர் வீட்டைப் பார்த்து இருமினால் வந்துவிடும். நிறுவனத்தின் இணையதளத்தில் எங்கள் காப்பகத்தின் படம் இன்னும் இருக்கிறது, கூட்டாண்மையின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாக. பாவாவின் பதாகையை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் அந்த உயரமான அம்மாவிடமிருந்து கைபேசியில் ஒரு செய்தி வந்தது. அவர்கள் அரசாங்கம் வெளிநாட்டு உதவியையே சுருக்கிவிட்டதாம். அதில் அவருக்கும் வேலை போய்விட்டது. ஊருக்குத் திரும்பி அம்மா வீட்டில் இருக்கிறாராம். கடைசியில் ஒரு வரி. குழந்தை எப்படி இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டிருந்தார். குழந்தைகள் என்று கேட்கவில்லை, குழந்தை என்றுதான் கேட்டிருந்தார்.

தலைவியிடம் படித்துக் காட்டினேன். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"மாமன் வூட்ல நல்லாகீதுன்னு எழுது" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "வேல போச்சா அவளுக்கு?"

"ஆமாக்கா."

"சாப்பாட்டுக்கு இன்னா பண்றாளாம்? அத்த மொதல்ல கேளு."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் கஷ்டம் என்று கேள்விப்பட்ட முகம்.

"தறி ஓட்டக் கத்துக்குவாளான்னும் கேளு. என் கொட்டாயில ஒரு தறிக்கு ஆள் இல்ல. புள்ள குட்டி இருந்தா இங்கயே வுட்டுக்கலாம்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு கேள்விகளையும் ஒரு வார்த்தை மாற்றாமல் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். பதில் வர இரண்டு மூன்று நாட்கள் ஆயின. முதல் கேள்விக்கு, சமாளிக்கிறேன் என்று எழுதியிருந்தார். இரண்டாவதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார்.